திருப்பிக் கொடுக்கவிருந்த சப்பாத்துகள்

மலைநிலத்துக்குக் காதலை ஒதுக்கிவைத்த நம் பழைய இலக்கணக்காரர்களில் ஒருவர்கூட, ஒரு குடும்பத்தை மூன்று நாட்கள் மலைப்பாதையில் அழைத்துச் சென்றிருக்கமாட்டார் என்பது என் உறுதியான எண்ணம். சென்றிருந்தால், அந்நிலத்துக்கு வேறோர் உணர்வைத் தேடியிருப்பார்.

இரண்டாயிரங்களில் சில கோடைகளை நான் அந்த வேலையில் கழித்தேன். வார நாட்களில் மொன்றியலில் ஒரு பொது நூலகத்தில் வேலை. நீண்ட விடுமுறைகளில் ஒரு நடைக்கழகத்தின் வழிகாட்டியாக, வடக்கே லோரன்ஷியன் மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிச் செல்வேன். அதற்குரிய பயிற்சியை முடித்திருந்தேன். நம்மவர்கள் இதை ஒரு நோயைப் பற்றிக் கேட்பதுபோலத் தணிந்த குரலில் விசாரித்தார்கள். கார் இருக்கிறதுதானே, பிறகேன் நடக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும், நான் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டதுபோலத் தலையசைத்தவர்களும் உண்டு.

ஆகவே மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஜூன் இறுதியில் வரும் சென்-ஜோன் விடுமுறையோடு சேர்த்து மூன்று நாட்கள் மலையில் நடக்க விரும்புகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது. தகப்பன், தாய், ஒரே மகள். தகப்பன் கதவும் யன்னலும் செய்யும் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளர். ஞாயிறுதோறும் கத்தோலிக்கக் கோயிலில் முன்வரிசையில் இருப்பவர். திருநாள் காலங்களில் எவர் எங்கே வாகனத்தை நிறுத்தவேண்டும் என்று கையை வீசிக் காட்டும் உரிமையை எப்படியோ பெற்றுக்கொண்டவர். தாய், பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்தெறி ஒன்றில் சமைப்பவர். மகளுக்குப் பத்தொன்பது வயது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள்.

அவளை எனக்கு நூலகத்தில் தெரியும். காளான்களையும் பாசிகளையும் பற்றிய கனத்த புத்தகங்களை இரவல் எடுத்துப்போய், ஒரு பக்கமும் மடியாமல் திருப்பிக் கொண்டுவருவாள். அவளுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று மருந்தாளர் படிப்பு. மற்றது, அவளுடைய கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருந்த விவசாய வளாகத்தில் காடுகளைப் பற்றிய படிப்பு. அவள் இரண்டாவதைக் கேட்டாள். தகப்பன் முதலாவதை ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மாத முடிவுக்குள் பதில் அனுப்பவேண்டும். வீட்டில் பல நாட்கள் நடந்த சண்டைக்குப் பிறகு அவர் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்: மூன்று நாட்கள் காட்டில் இருந்து பார்ப்பது, அதற்குப் பிறகும் அவளுக்கு அதுதான் வேண்டுமென்றால் அதுவே.

பெருந்தன்மையான ஒப்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். புறப்படுவதற்கு முன் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் கஷ்டமான பாதையாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார். “பிள்ளைக்கு உந்தக் காட்டு விசர் மூண்டு நாளிலை விட்டுப்போகவேணும்.”

பாதை எல்லோருக்கும் ஒன்றுதான், அவளுக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு அவருக்கும் இருக்கும் என்றேன். அவர் சிரித்தார். தான் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நடந்து போனவர் என்றார். அந்த மூன்று மைலில் மேடு என்று சொல்லத்தக்கது ஒரு குளக்கட்டாகத்தான் இருந்திருக்கும் என்பதை நான் நினைவூட்டவில்லை. பாதையை மாற்றவுமில்லை; ஏற்கெனவே தெரிந்தெடுத்திருந்த அதே பாதை, அதே இரண்டு குடில்கள். இந்த உரையாடலை அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். தகப்பனின் தந்திரத்தை மகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது வழிகாட்டியின் வேலையல்ல என்று விட்டுவிட்டேன்.

மலையடிவார வாகனத் தரிப்பிடத்தில் அவர்கள் இறங்கியபோது தகப்பனும் தாயும் கடை யன்னல் பொம்மைகளைப்போல நின்றார்கள். மழைச்சட்டை, முதுகுப்பை, ஊன்றுகோல், சப்பாத்து எல்லாம் புத்தம் புதியவை. எல்லாம் மிக உயர்ந்த வகை. தாய் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றார். அருகில் போய்ப் பார்த்தபோது, விலைச்சீட்டு அறுக்கப்படாமல் கழுத்துப் பட்டிக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. முதுகுப்பையின் பட்டிகளிலும் அப்படியே. பிறகு அவர் ஒரு காலைத் தூக்கினார். சப்பாத்தின் அடிப்பாகம் முழுவதும் அகலமான சாம்பல்நிற ஒட்டுநாடாவால், ஒரு பரிசுப் பொருளைச் சுற்றுவதுபோலச் சுற்றப்பட்டிருந்தது.

நம் சமூகத்தில் அந்நாட்களில் செழித்திருந்த ஒரு கலை இது. வாங்குவது, பயன்படுத்துவது, திருப்பிக் கொடுப்பது. பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு வாங்கிய வீடியோக் கமராவும், லண்டனிலிருந்து மைத்துனர் குடும்பம் வரும் கிழமைக்கு வாங்கிய சோபாவும், உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக வாங்கிய தொலைக்காட்சியும் பற்றுச்சீட்டோடு கடைக்குத் திரும்பிப் போயின. கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டதை நாம் அவர்களுடைய மடமை என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒரு மலையை மண் படாமல் ஏறி, அந்த ஏற்றத்தையும் கடைக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்த மனிதரை நான் அன்றுதான் கண்டேன்.

மகள் மட்டும் பழைய பொருள் கடையில் தானே வாங்கிய, முன்பக்கம் தேய்ந்த சப்பாத்தைப் போட்டிருந்தாள். அவள் தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடாவை உரிக்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்க விடமாட்டேன் என்றேன். தகப்பன் எனக்கு விளக்கம் சொன்னார். நான் காத்திருந்தேன். பொறுமை எனக்கு இயல்பு; அது பல சமயங்களில் இகழ்ச்சியின் மரியாதையான வடிவம் என்பதை அவர் அறியவில்லை. கடைசியில் வாகனத்தின் பின்பக்கத்தில் குந்தியிருந்து, இறந்தவரின் உடலிலிருந்து நகையைக் கழற்றுவதுபோல, இருவரும் நாடாவை உரித்தார்கள்.

முதல் நாள் முழுவதும் அவர் மகளையே கவனித்துக்கொண்டு நடந்தார். ஜூன் மாதத்துக் கறுப்பு ஈக்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன. பெண்ணின் காதுமடல் வீங்கிச் சிவந்தது. ஒவ்வொரு கடிக்கும் அவர் முகம் மலர்ந்தது. “இஞ்சை பார் பிள்ளை, இதிலை நாலு வருஷம் நிக்கவேணும்,” என்று ஒரு கடைக்காரர் சரக்கின் குறையைத் தானே எடுத்துக் காட்டுவதுபோலச் சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டு நடந்தாள். மத்தியானம் பாதையோரத்தில் விழுந்து கிடந்த பெரிய மஞ்சள் பேர்ச் மரமொன்றின் அருகே வயிறு படப் படுத்துவிட்டாள். உக்கிப்போன அந்தத் தண்டின் முதுகில் புதிய மரக்கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. அவள் அவற்றை நகத்தால்கூடத் தொடாமல், மூச்சு படும் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்த மரத்தைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றார் தகப்பன்.

“அது சாகேல்லை அப்பா. அதிலை எத்தினை சீவன் இருக்கு.”

“எங்கடை வளவிலையும் உக்கின மரம் கிடக்கு. அங்கை படுத்துப் பாத்திருக்கலாம்தானே. பெற்றோல் மிச்சம்.”

தாய் இதற்குச் சிரித்துவிட்டார். பெண்ணும் சிரித்தாள். அவர் வேடிக்கைக்காரர், அதை மறுக்க முடியாது. அவர்மேல் எனக்கு எழுந்த கோபம் நிலைத்து நிற்க முடியாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் காட்டுக்கென்றே பிறந்தவளைப்போல நடக்கவில்லை. ஏற்றங்களில் மூச்சு வாங்கினாள். பாலமென்று போட்டிருந்த மரத்தண்டின் மேல் தவழ்ந்துதான் போனாள். மாலையில் குடிலுக்குப் பின்னாலிருந்த குழிக் கழிப்பறைக்குப் போனவள், கண்கள் சிவந்து திரும்பி வந்தாள். அங்கே ஒரு சிலந்தி, தன் உள்ளங்கை அளவு என்று தாயிடம் மட்டும் சொன்னாள். தகப்பன் அதையும் கேட்டுவிட்டார். அன்றிரவு அவர் ஒரு வெற்றி வீரரின் தாராளத்தோடு எல்லோருக்கும் கடித் தைலம் தடவிவிட்டார். என்னைத் தனியே அழைத்து, பரவாயில்லை, ஆனால் இந்தக் கஷ்டம் காணாது, நாளைக்கு வேறு ஏதும் செய்ய முடியாதா என்று கேட்டார். நாளைக்கு மழை வரும், அது போதும் என்றேன். அவர் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு நித்திரைக்குப் போனார்.

போவதற்கு முன் குடிலின் அருகே ஓடிய ஓடையில் குந்தியிருந்து, பல்துலக்கும் தூரிகையால் இரண்டு சோடிச் சப்பாத்துகளின் அடியையும் தேய்த்துக் கழுவினார். அந்தச் சிரத்தையைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் அவர்மீது இரக்கம் வந்தது. பொருள் பழுதாகாமல் வாழத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் எதையோ முழுவதுமாக இழந்தவர்கள். ஆனால் அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு அவரை மன்னிக்க நான் அவசரப்படவில்லை.

இரண்டாம் நாள் காலை மழை தொடங்கிவிட்டது. எல்லோரும் நீண்ட மழைக்கால்சட்டைகளை அணிந்து புறப்பட்டோம்; அவை சப்பாத்தின் குதிவரை மூடியிருந்தன. முற்பகலில் ஒரு சரிந்த கருங்கற் பாறையைக் கடக்கவேண்டியிருந்தது. உயரமில்லை, விழுந்தால் உருளும் அளவுக்குச் சரிவு. ஒவ்வொருவராக, பாதத்தை முழுவதுமாகப் பதித்து வரச் சொன்னேன். பெண் வந்தாள். தாய் வந்தார். கடைசியாக அவர், ஊன்றுகோலை ஒரு பிரசங்கியைப்போல உயர்த்தி, இது என்ன பெரிய காரியம் என்று சொல்லிக்கொண்டே கால் வைத்தார். மறுகணம் பாறையின் மேல் உட்கார்ந்த நிலையில், அசாதாரணமான கண்ணியத்தோடு, சறுக்கிக் கீழே போனார். அடியிலிருந்த சேற்றுப் பள்ளம் அவரைத் தடுத்து நிறுத்தியது.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது வலது கணுக்கால் பிசகியிருந்தது. எலும்பு முறியவில்லை. மகள் முழங்காலிட்டு மழைக்கால்சட்டையை மேலே தள்ளினாள். சப்பாத்தின் அடியில் சாம்பல்நிற ஒட்டுநாடா புதிதாக, இறுக்கமாக, மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சுருளை மடியில் மறைத்துக் கொண்டுவந்து, விடியற்காலையில் நாங்கள் எழும்ப முன்னரே சுற்றியிருக்கிறார்.

அவள் என்னிடம் கத்தியைக் கேட்டாள்.

“வெட்டாதை பிள்ளை,” என்றார் அவர், வலியில் பல்லைக் கடித்தபடி. “மெல்ல உரிச்சால் வரும்.”

அவள் வெட்டினாள். சேறு உடனே சப்பாத்தின் வரிகளுக்குள் புகுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது காலை எடுத்தபோது சொன்னார்:

“அதை விடு பிள்ளை. அந்தக் கால் நல்லாத்தானே இருக்கு.”

ஒற்றைச் சப்பாத்தை எந்தக் கடை திருப்பி எடுக்கும் என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை. பாறையின் விளிம்பில், மழையில், தாய் உட்கார்ந்தார். தன்னுடைய கால்சட்டையை உயர்த்திக் காட்டினார். அவருடைய சப்பாத்துகளில் நாடா இல்லை. விடியற்காலையில் கணவர் சுற்றிவிட்டதை, கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிப் போய் உரித்திருக்கிறார். இருபத்துச் சொச்ச வருடங்களாக அவர் இப்படித்தான் உரித்துக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவர் பேசியது கணவரோடு. குரலில் கோபமே இல்லை.

“இஞ்சேருங்கோ, நீங்கள்தானே கஷ்டமான பாதை கேட்டனீங்கள்.”

மகள் நிமிர்ந்தாள். “ஆரிட்டைக் கேட்டவர்?”

“அன்ரியிட்டை. போனிலை. உனக்கு விசர் விடவேணுமெண்டு. நான் குசினியிலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்.”

பெண் என் பக்கம் திரும்பி, உண்மையா என்று கேட்டாள். ஓம் என்றேன். பாதையை மாற்றவில்லை என்றும் சொன்னேன். அவள் மறுபடி குனிந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, கணுக்காலைச் சுற்றி நீள்துணியைக் கட்டினாள். இறுக்கமாக, சரியாக. பிறகு அவருடைய முதுகுப்பையைத் திறந்து, கனமானவற்றையெல்லாம் தன் பைக்குள் மாற்றிக்கொண்டாள். அவர் அப்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தைத் தானாக விழுங்கியதை நான் கண்டது அதுதான் முதல்முறை.

அடுத்த குடில்வரை அவள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வழுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் நின்றாள். அவர் இரண்டு ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு வந்து அதைக் கடக்கும்வரை, ஏதோ ஒரு மரப்பட்டையை ஆராய்வதுபோல வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கடந்ததும் மறுபடி நடந்தாள். இத்தனை கவனமாகக் கோபிக்கத் தெரிந்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் வந்த எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை.

குடிலில் அவள் அடுப்பை மூட்டி, எல்லோருக்கும் நூடில்ஸ் கொதிக்கவைத்தாள். தாய் ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளைத் தாராளமாகக் கொட்டினார். காலை ஒரு மரக்கட்டைமேல் தூக்கி வைத்திருந்தார் தகப்பன். பிறகு, நிலைமையைச் சீர்செய்வதாக நினைத்து, நாளைக்கு மீட்புக்காரரைக் கூப்பிட்டு இறங்கிவிடலாமே, பிள்ளையும் களைத்துப்போனாள் என்றார். எவருடைய களைப்பைப் பற்றிப் பேசுகிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கால் மெதுவாக இறங்கக்கூடிய கால் என்பதையும் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

“மூண்டு நாள் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்,” என்றாள் அவள். “இன்னும் ஒரு நாள் இருக்கு. நாளைக்கு நான் முன்னுக்குப் போறன். அன்ரி பின்னுக்கு வரட்டும்.”

“பிள்ளை, நான் உன்ர நன்மைக்குத்தான்...”

“தெரியும் அப்பா. சாப்பிடுங்கோ.”

மூன்றாம் நாள் வரைபடத்தை அவள் கையில் கொடுத்தேன். ஒருமுறை பாதையைத் தவறவிட்டாள். சதுப்பு நிலமொன்றின் ஓரத்தில் பாதி வழி போய், நின்று, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். அவள் எங்களிடம் திரும்பி, பிழையாக வந்துவிட்டேன், திரும்பிப் போகவேண்டும் என்றாள். அந்த நொண்டிக் காலோடு, வந்த தூரத்தை மறுபடி நடக்கவேண்டுமென்று கேட்டும் தகப்பன் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றி, அவள் போவதற்கு வழி விட்டார்.

வாகனத் தரிப்பிடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் திரும்பியிருந்தது. தாய் வாகனத்துக்குள் சாய்ந்தவுடன் நித்திரையாகிவிட்டார். மகள், மாத முடிவுக்குள் பதில் அனுப்பவேண்டும் என்பதைச் சொல்லாமல், தகப்பனின் முன்னால் நின்றாள். ஈக்கடியால் அவளுடைய ஒரு கண் பாதி மூடியிருந்தது. இனி அவர் பெரிய மனதோடு ஏதாவது சொல்வார், நான் என் இகழ்ச்சியை மீளப்பெறவேண்டி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“சரி. நீ அந்தக் காட்டுப் படிப்பையே படி,” என்றார். “ஆனால் ஒண்டு. அப்பா விழுந்தவர் எண்டு கோயிலிலை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது.”

தன்னுடைய வாழ்க்கை இவ்வளவு அற்பமான விலைக்குத் தன்னிடம் விற்கப்படுகிறது என்பது அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

“ஓம் அப்பா.”

அவர் என் பக்கமும் பார்த்தார். நான் முதுகுப்பையை வாகனத்தில் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஓகஸ்டில் கோயில் திருநாள் வந்தது. நான் கத்தோலிக்கர் அல்ல. ஆனாலும் அழைத்தால் போவேன். பூசை முடிந்து, மண்டபத்தில் கேக்கும் தேநீரும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள், நடுவில் அவர். மலை இப்போது இரண்டு மடங்கு உயர்ந்திருந்தது. ஒரு கரடியும் சேர்ந்திருந்தது. கொட்டும் மழையில், வழுக்குப் பாறையில், மனைவியையும் மகளையும் எப்படி ஒவ்வோர் அடியாக வழிநடத்தினார் என்று கையால் சரிவைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பாதத்தை முழுவதுமாகப் பதிக்கவேண்டும், அதுதான் இரகசியம் என்றார். அதன் பிறகு, ஒருவரும் கேட்காமலேயே, தன் மகள் செப்டெம்பரில் காடுகளைப் படிக்கப் போகிறாள், கனடாவில் இனி அதுதான் பெரிய படிப்பு, மருந்தாளர்கள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அவள் தட்டோடு அந்த மேசைக்கு வந்தாள். ஒரு கிழவர், நம்பாத முகத்தோடு, அவளைப் பிடித்து நிறுத்தினார்.

“உண்மையோ பிள்ளை? உன்ர கொப்பரோ முன்னுக்குப் போனவர்?”

தகப்பன் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் குடிக்காமல் நின்றார். அவள் கேக் துண்டு ஒன்றைக் கிழவரின் தட்டில் வைத்தாள்.

“ஓம் மாமா. அப்பாதான் முன்னுக்குப் போனவர்.”

கிழவருக்கு அதுவும் போதவில்லை. அடுத்த மேசையில் இருந்த என்னைப் பார்த்து, நீங்கள்தானே கூடப் போனது, அப்படியா என்று கேட்டார். அந்தப் பெண் தட்டை ஏந்தியபடி நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. என் வாயில் கேக் இருந்தது. அதை மெதுவாக மென்று முடித்துவிட்டு, ஓம் என்றேன்.